நீருக்கடியில் ஒரு கோயில்: நார்த்தாமலைச் சுனை நடை பற்றிய மதிப்புரை

புதுக்கோட்டை மாவட்டத்தில் உள்ள நார்த்தாமலைக்கு இதற்கு முன் மூன்று முறை போயிருக்கிறேன். மூன்று முறையும் மேலமலையின் வெறும்பாறைச் சரிவில் மூச்சு வாங்க ஏறி, விசயாலய சோழீச்சரம் என்ற பழைய சிவன் கோயிலைச் சுற்றிப் பார்த்து, எதிரே உள்ள இரண்டு குடைவரைகளுக்குள்ளும் தலையை நீட்டிவிட்டு, பாறை சூடேறுவதற்குள் இறங்கிவிட வேண்டும் என்ற அவசரத்தில் வந்த வழியே திரும்பியிருக்கிறேன். அந்த வழியை ஒட்டி ஒரு சுனை இருக்கிறது. அதன் நீருக்கடியில் பாறையைக் குடைந்து அமைத்த ஒரு சிறிய சிவன் கோயில் இருக்கிறது. மூன்று முறையும் அதைக் கடந்துதான் போயிருக்கிறேன். மழைநீர் தேங்கிய குழி என்று எண்ணினேனா, ஆடுகள் நீர் குடிக்கும் இடம் என்று எண்ணினேனா, அதுகூட நினைவில் இல்லை. நான்காவது முறை போனபோதுதான் அதன் கரையில் உட்கார்ந்தேன். உட்கார வைத்தவர்கள், இந்த மதிப்புரைக்குரிய ஒருநாள் நடையை நடத்துபவர்கள்.

புதுக்கோட்டையைச் சேர்ந்த இரண்டு மூன்று பேர் சேர்ந்து, மழைக்காலம் முடிந்ததிலிருந்து வெயில் முற்றும் வரை, மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் இந்த நடையை நடத்துகிறார்கள். காலையில் நார்த்தாமலை, பிற்பகலில் சித்தன்னவாசல், இரண்டு இடங்களிலும் பாறைச் சுனைகள் என்பது திட்டம். தலைக்கு 900 ரூபாய். அதில் காலை உணவும் மதிய உணவும் வேன் வாடகையும் அடக்கம். ஒரு முறைக்குப் பன்னிரண்டு பேருக்கு மேல் சேர்ப்பதில்லை. அவர்களுடைய பெயரை இங்கே எழுதவில்லை. நான் சொல்ல இருப்பவற்றில் பாதி குறைகள். அவற்றை நேரிலேயே சொல்லிவிட்டேன். சிறு முயற்சி ஒன்றைப் பொதுவில் பெயர் சொல்லிக் குறை கூறுவதில் எனக்கு விருப்பமில்லை. இதே மாதிரியான நடைகளை வேறு சிலரும் நடத்தத் தொடங்கியிருப்பதால், போக நினைப்பவர்களுக்கு எதை எதிர்பார்க்கலாம், எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்பது தெரிந்தால் போதும்.

முதல் குறை அழைப்பிலேயே இருந்தது. கைப்பேசியில் வந்த விளம்பரப் படத்தில், ‘யாரும் அறியாத, காட்டுக்குள் மறந்துபோன சுனைக்கோயில்’ என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். நாங்கள் சுனையை அடைந்தபோது எங்களுக்கு முன்பே அங்கே ஒருவர் இரண்டு பிளாஸ்டிக் குடங்களைக் கழுவிக்கொண்டிருந்தார். ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவர் பாறை நிழலில் துண்டை விரித்துப் படுத்திருந்தார். ஊருக்குத் தெரியும், ஆட்டுக்குத் தெரியும், முன்னாள் புதுக்கோட்டை சமஸ்தானத்தின் பதிவுகளுக்குத் தெரியும். தெரியாமல் இருந்தது என்னைப் போலத் திருச்சியிலிருந்து வண்டி பிடித்து வந்து கோபுரத்தைப் படம் பிடித்துவிட்டுப் போகிறவர்களுக்குத்தான். மறந்தவர்கள் யார் என்று சொல்லாமல் ‘மறந்துபோன’ என்று எழுதுவது ஊர்க்காரர்களைக் கணக்கில் சேர்க்காத பேச்சு. அடுத்த முறை அந்தச் சொல்லை எடுத்துவிடுவதாக ஏற்பாட்டாளர் சொன்னார். எடுத்துவிட்டால் கூட்டம் வருமா என்றும் உடனே கேட்டார். அதற்கு என்னிடம் விடையில்லை.

நடை காலை ஆறு மணிக்குத் தொடங்கும் என்று சொல்லி, ஆறே முக்காலுக்குத் தொடங்கியது. இந்த முக்கால் மணி நேரம் மற்ற இடங்களில் பெரிதல்ல, நார்த்தாமலையில் பெரிது. இந்த மலைகளில் மண்ணே குறைவு. ஒரே கல்லாய்ப் படுத்துக் கிடக்கும் கருங்கல் முதுகுகள் அவை. பத்து மணிக்கு மேல் செருப்பையும் மீறிச் சூடு ஏறும். தை மாதத்திலேயே அப்படி என்றால் மாசிக்குப் பிறகு போகிறவர்கள் நேரத்தைக் கறாராகக் கேட்டு வாங்க வேண்டும்.

வழிகாட்டியாக வந்தவர் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். குழுவில் இருந்த எல்லோரும் அவரை ‘ஐயா’ என்றே அழைத்தோம். அவர் எங்கள் எல்லோரையும், எட்டாம் வகுப்புப் படிக்கும் ஒரு பையன் உட்பட, ‘வாங்க, போங்க’ என்றுதான் பேசினார். நேராகக் கோயிலுக்கு ஏற்றாமல், அடிவாரத்தில் ஒரு மணி நேரம் காட்டுக்குள் நடக்க வைத்தது அவருடைய முடிவு. முதலில் தைலமரக் காடு. புதுக்கோட்டை மாவட்டத்தில் பிறந்தவர்களுக்கு இதைப் பற்றிப் புதிதாக ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. கண்ணுக்கு எட்டிய தூரம் வரிசை பிடித்து நிற்கும் மரங்கள், கீழே காய்ந்த இலைச் சருகு, ஒரு குருவிச் சத்தம்கூட இல்லாத நிழல். அது முடிந்து, காரையும் சூரையும் களாவும் பின்னிக் கிடக்கும் நாட்டுக்காடு தொடங்கும் இடத்தில் அவர் நின்றார். “இப்ப காது கேக்குதுங்களா?” என்று மட்டும் கேட்டார். கேட்டது: கொண்டைக்குருவிகள், எங்கோ ஒரு மயில், உசிலை மரத்தில் ஏதோ ஒன்று தாவும் ஓசை. நீர் எங்கே தங்குகிறது, எங்கே தங்குவதில்லை என்பதை இதைவிடச் சுருக்கமாக ஒருவர் விளக்கி நான் கேட்டதில்லை. தைலமரத்தைக் குறித்து அவர் பிரசங்கம் எதுவும் செய்யவில்லை. அதற்காகவே அவருக்கு ஒரு மதிப்பெண் கூடுதலாகத் தரலாம்.

பிறகு பாறையில் ஏறினோம். ஏற்றம் கடினமில்லை; சாய்வான பாறை முதுகில் காலை அகல வைத்து நடந்தால் போதும். கால் மணி நேரத்துக்குள் சுனை வந்துவிட்டது. அதற்கு வழங்கும் பெயர் தலையருவிச் சிங்கம். நான் அதை ‘அடைந்தோம்’ என்று எழுதினாலும், அடைந்தது போலவே இல்லை. பாறை ஓரிடத்தில் தாழ்ந்து மடிகிறது, அந்த மடிப்பில் பச்சை கலந்த கறுப்பு நீர் நிற்கிறது, அவ்வளவுதான். படித்துறை இல்லை, தூண் இல்லை, பெயர்ப்பலகையை யாரும் நின்று படிக்கவில்லை. எங்கள் குழுவில் வந்திருந்த இளம் தம்பதி படம் எடுக்கக் கைப்பேசியைத் தூக்கிவிட்டு, எதை எடுப்பது என்று தெரியாமல் கீழே இறக்கியதைப் பார்த்தேன்.

இந்த இடத்தில்தான் ஐயாவின் திறமை வெளிப்பட்டது. அவர் உடனே கதை சொல்லத் தொடங்கவில்லை. எல்லோரையும் பாறையில் உட்காரச் சொன்னார். “இதுல என்னங்க தெரியுது?” என்று ஒவ்வொருவராகக் கேட்டார். பாசி என்றார்கள், தட்டான்பூச்சி என்றார்கள், வானம் தெரிகிறது என்றார் ஒருவர். ஒரு பிஸ்கட் உறை மிதக்கிறது என்று பையன் சொன்னான். அதை ஐயாவே ஒரு குச்சியால் இழுத்து எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். அடுத்து, இந்த நீர் எங்கிருந்து வந்திருக்கும் என்று கேட்டார். மேலே நிமிர்ந்து பார்த்தபோதுதான், பாறை முதுகில் கறுப்புக் கறுப்பாய்க் கோடுகள் இறங்குவது தெரிந்தது; மழைநீர் ஆண்டாண்டாக ஓடிய தடங்கள் அவை. மொட்டைப் பாறை நீரைக் குடிக்காது. பெய்தது அத்தனையும் சரிவில் ஓடிவந்து தாழ்ந்த இடத்தில் நிற்கும். கருங்கல் வெங்காயச் சருகு போல அடுக்கடுக்காகப் பிரியும் இயல்புடையது. அந்த அடுக்குகளுக்கு இடையிலான விரிசல்களில் புகுந்த நீர் மெல்லக் கசிந்து, மேலே ஓடும் நீர் நின்ற பிறகும் குழிக்கு வந்துகொண்டிருக்கும். கல்லில் உள்ள கனிமங்களில் சில நீர் பட்டுப் பட்டுச் சிதைந்து மாவாகும்; அதனால் நீர் நின்ற குழி இன்னும் ஆழமாகும்; ஆழமானால் இன்னும் அதிகம் நீர் நிற்கும். குறிஞ்சித் திணைக்குரிய நீர் அருவியும் சுனையும் என்று பள்ளியில் மனப்பாடம் செய்த எனக்கு, சுனை என்பது ஊற்றும் தேக்கமும் சேர்ந்த ஒன்று என்பது ஐம்பது வயதுக்கு மேல் அந்தப் பாறையில் உட்கார்ந்தபோதுதான் புரிந்தது.

அதன் பிறகே, நீருக்கடியில் குடைவரை ஒன்று இருப்பதை அவர் சொன்னார். உள்ளே இலிங்கம் உண்டு. ஜீரஹரேசுவரர் என்று அவரை அழைக்கிறார்கள். ஆள் உயரத்துக்கு மேல் நீர் நிற்கும் நாட்களில் வாயில்கூடத் தெரியாது. நாங்கள் போன அன்று, வடகிழக்குப் பருவமழை நிரப்பிவிட்டுப் போன நீர் அப்படியே இருந்ததால், எங்களுக்கு எதுவுமே தெரியவில்லை. சற்று நேரம் யாரும் பேசவில்லை. பிறகு அந்தப் பையன் கேட்டான்: “தண்ணிக்குள்ள போய் எப்படிங்க ஐயா செதுக்குனாங்க?”

அன்றைய நடையில் கேட்கப்பட்ட கேள்விகளில் இதுவே முதல்தரமானது. தண்ணீருக்குள் யாரும் செதுக்க முடியாது. ஆகவே அந்தப் பள்ளம் ஒருகாலத்தில் வறண்டிருக்க வேண்டும், அல்லது வறளச் செய்திருக்க வேண்டும். கோடையில் நீர் இறங்கியபின் எஞ்சியதை இறைத்துவிட்டு, அடுத்த மழை வருவதற்குள் குடைந்திருக்கலாம். நீர் இறைப்பது கற்பனைப் பேச்சல்ல என்பதற்கு அங்கேயே ஒரு சான்று இருக்கிறது. இராமச்சந்திரத் தொண்டைமான் புதுக்கோட்டையை ஆண்ட காலத்தில், அதாவது 1839க்கும் 1886க்கும் இடையில், அரச குடும்பத்தினர் இந்தச் சுனை நீரை இறைக்கச் செய்து, வெளிப்பட்ட இலிங்கத்தை வழிபட்டதாகப் பாறையில் ஒரு கல்வெட்டு சொல்கிறது. இயந்திரம் இல்லாத காலம். ஐயா இறைகூடை போடுவது எப்படி என்று ஏற்பாட்டாளரை எதிரே நிறுத்திக் கையால் நடித்துக் காட்டினார். இரண்டு பேர் எதிரெதிரே நின்று கயிற்றைப் பிடித்து வீசி, கூடை தாழும்போது தளர்த்தி, நிறைந்ததும் இழுத்துக் கரைக்கு மேல் கவிழ்க்க வேண்டும். இப்படி எத்தனை ஆயிரம் முறை வீசினால் இந்தக் குழி வற்றும் என்று நாங்கள் ஒவ்வொருவரும் மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டோம். வற்றிய அன்று அந்தச் சரிவில் எத்தனை பேர் கூடியிருப்பார்கள் என்பதையும்.

காண முடியாத ஒன்றைக் காட்டுவதற்காக 900 ரூபாய் வாங்கினார்கள் என்று இதைக் கேலியாகவும் சொல்லலாம். திரும்பும்போது வேனில் ஒருவர் அப்படித்தான் சொன்னார். அவர் சொன்னதில் தவறில்லை, ஏனெனில் பதிவு செய்யும்போது நீர்மட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூட யாரும் சொல்லவில்லை. விளம்பரப் படத்தில் இருந்த இலிங்கம் இந்தச் சுனையுடையதல்ல என்பதையும் நான் கேட்டபிறகுதான் ஒப்புக்கொண்டார்கள். அது ஏமாற்று. ஆனால் எனக்கோ, கோயிலைக் கண்ணால் பார்த்திருந்தால் இவ்வளவு நேரம் அங்கே உட்கார்ந்திருப்பேனா என்பது சந்தேகம். தெரியாததால்தான் நீரைப் பார்த்தேன், பாறையைப் பார்த்தேன், ஓரத்துப் பாறையில் ஆப்பு வைத்துக் கல் பிளக்க வெட்டிய சிறு குழிகளின் வரிசையைப் பார்த்தேன். மூன்று முறை இதே வழியில் போனபோது இவற்றில் ஒன்றையும் பார்க்கவில்லை.

ஐயாவுக்குத் துணையாக வந்த இளைஞரைப் பற்றி இதே அளவு நல்லெண்ணத்தோடு எழுத முடியவில்லை. ஐயா சற்று ஓய்வெடுக்க ஒதுங்கியதும் அவர் கதை சொல்லத் தொடங்கினார். சுனைக்குள்ளிருந்து தஞ்சாவூருக்குச் சுரங்கப்பாதை போகிறதாம்; உள்ளே பொற்காசுக் குடங்கள் இருக்கின்றனவாம்; சிங்கம் ஒன்று நாள்தோறும் வந்து நீர் குடித்ததால் அந்தப் பெயராம். தமிழ்நாட்டில் பழைய கோயில் எதை எடுத்தாலும் அதற்கு ஒரு சுரங்கப்பாதை உண்டு. அத்தனையும் உண்மையானால் நம் நிலத்தடி எலிவளையாகத்தான் இருக்க வேண்டும். சிரித்துவிட்டுப் போகலாம்தான். ஆனால் புதையல் பேச்சு சிரிப்பதற்குரியதல்ல. ஆளரவமற்ற மலைக்கோயில்களில் புதையல் தேடுகிறோம் என்று சிலைகளையும் தரைக்கற்களையும் பெயர்ப்பவர்கள் இப்படிப்பட்ட கதைகளை நம்பித்தான் வருகிறார்கள். ஒரு சேவை தன் வாடிக்கையாளர்களிடம் சொல்லக் கூடாத கதை ஒன்று உண்டென்றால் அது இதுதான். இதையும் ஏற்பாட்டாளரிடம் சொன்னேன், தலையாட்டினார்.

சுனைக்கு மேலே உள்ள பகுதி பலரும் அறிந்தது என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். விசயாலய சோழீச்சரம் மேற்கு நோக்கி நிற்கிறது; வெளியே சதுரமாய்த் தெரியும் விமானத்துக்குள் கருவறை வட்டமாக இருப்பது அதன் தனிச்சிறப்பு. சுற்றிலும் இருந்த எட்டுச் சிறு கோயில்களில் ஆறு இன்னும் நிற்கின்றன. பெயர் சோழருடையதாக இருந்தாலும், வாயிலில் உள்ள கல்வெட்டு வேறொருவரைச் சொல்கிறது: சாத்தன் பூதி என்ற இளங்கோவதியரையர் கட்டியது இக்கோயில்; மழையால் இடிந்ததை மல்லன் விடுமன் என்ற தென்னவன் தமிழதியரையன் புதுப்பித்தான். ஐயா இதைச் சோழரா, இப்பகுதியை ஆண்ட குறுநிலத் தலைவர்களான முத்தரையரா என்ற பெருமைச் சண்டையாக ஆக்காமல், “மழை இடிச்ச கோயில் மேல நிக்குது, மழை மூடின கோயில் கீழ கிடக்குது” என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு நகர்ந்தார். எதிரே உள்ள குடைவரைகளில் ஒன்று பழியிலி ஈச்சரம்; பல்லவன் நிருபதுங்கவர்மனின் ஏழாம் ஆட்சியாண்டில், சாத்தன் பழியிலி என்ற முத்தரையர் தலைவன் குடைவித்தது. மற்றொன்றில் ஏறக்குறைய ஒரே அச்சில் வார்த்தது போன்ற பன்னிரண்டு திருமால் சிற்பங்கள் வரிசையாக நிற்கின்றன. அதைச் சமணர் குடகு என்று ஊரார் இன்றும் சொல்வதிலிருந்து அதன் முந்தைய வரலாற்றை ஊகித்துக்கொள்ளலாம். கீழே நீருக்குள் கிடக்கும் குடைவரையும் இதே கல்லில், இதே போன்ற உளியால் ஆனதுதான் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு இந்த இரண்டின் சுவர்களையும் தொட்டுப் பார்க்கலாம். நான் அப்படித்தான் பார்த்தேன். உளித்தடத்தின் சொரசொரப்பு உள்ளங்கைக்குத் தெரிகிறது.

உணவைப் பற்றி: காலையில் கேழ்வரகுக் கூழும் மோர் மிளகாயும் சின்ன வெங்காயமும். மதியம் ஊரில் ஒரு வீட்டில் சாப்பாடு. அந்த வீட்டு அம்மா சுண்டைக்காய் வற்றல் குழம்பை மறுபடி மறுபடி ஊற்றிக்கொண்டே இருந்தார். குறை சொல்ல ஒன்றுமில்லை, குடிநீர் போதாமல் போனதைத் தவிர. பன்னிரண்டு பேருக்கு இரண்டு கேன் நீர் என்பது சமவெளிக் கணக்கு. பாறை ஏறுகிறவர்களுக்கு அது பற்றாது. சுனை பார்க்கப் போன கூட்டம் தாகத்தோடு இறங்கியது என்று நாங்களே சிரித்துக்கொண்டோம்.

பிற்பகலில் சித்தன்னவாசல். உண்ட மயக்கத்தோடு பிற்பகல் வெயிலில் ஒரு மலையேறச் சொல்வது திட்டமிட்டவர்களின் தவறு. இந்தப் பகுதியை அதிகாலைக்கு மாற்றியே தீர வேண்டும். அங்குள்ள சமணக் குடைவரையான அறிவர் கோயிலின் விதானத்தில் உள்ள தாமரைக் குளத்து ஓவியத்துக்கு முன்னால் எங்களுக்குக் கிடைத்தது பத்து நிமிடம்தான். மீனும் யானையும் எருமையும் தாமரைத் தண்டுகளுக்கு இடையில் நிற்க, துறவியர் பூப்பறிக்கும் அந்தக் குளத்தைக் காலையில் ஒரு சுனைக்கரையில் உட்கார்ந்தவர்களுக்குக் காட்டுவது அருமையான யோசனை. அந்த யோசனை வந்தவர்களுக்கு அதற்கு நேரம் ஒதுக்கத் தோன்றவில்லை. பாறைகளால் சூழப்பட்ட வறண்ட நிலத்தின் நடுவே, ஒரு கற்கூரையில் இவ்வளவு நீரை வரைந்து வைத்தவர்களின் மனத்தை எண்ணிக்கொண்டு நின்றபோது, வேன் ஓட்டுநரின் ஒலிப்பான் கேட்டது.

அதே மலையில், ஏழடிப்பட்டம் என்ற சமணர் படுக்கைகளுக்குப் போகும் வழி சற்றுக் கூச்சம் தரும். கால் வைக்கப் பாறையில் வெட்டிய குழிகளும் இரும்புக் கம்பியும் உண்டு. பதினேழு கற்படுக்கைகள், தலையணை போலச் செதுக்கிய மேடுகளோடு. அவற்றில் ஒன்றின் ஓரத்தில் தமிழ் பிராமி எழுத்துகளில் உள்ள வரி, அந்த இருக்கையைச் செய்வித்தவரைக் குறிப்பிடுகிறது. இங்கே படுத்திருந்தவர்கள் குடிக்க நீருக்கு எங்கே போனார்கள் என்பது இயல்பாக எழ வேண்டிய கேள்வி. துணை இளைஞர் அதைத் தொடவே இல்லை. இந்த மலையிலும் ஒரு சுனை இருக்கிறது. நாவற்சுனை என்றும் நவச்சுனை என்றும் சொல்கிறார்கள். அதற்குள்ளும் பாறையைக் குடைந்த ஒரு சிவன் கோயில், நீருக்கடியில். நார்த்தாமலைச் சுனையும் இதுவும் ஒன்றுக்கொன்று உறவினர்போல இருக்க, இரண்டையும் ஒரே நாளில் பார்ப்பதுதான் இந்த நடையின் உண்மையான சிறப்பு. அதைச் சொல்லி விளக்க வேண்டிய இடத்தில், எங்களில் பாதிப் பேர் களைத்துப்போய்க் கீழேயே தங்கிவிட்டார்கள் என்பது வருத்தமான உண்மை. நான் ஏறினேன், ஐயாவும் பையனும் இன்னும் மூன்று பேரும் வந்தார்கள். அந்த நேரத்துச் சாய்ந்த வெயில் நீரின் ஒரு மூலையில் மட்டும் விழுந்து, அடியில் இருந்த ஒரு பாறை விளிம்பைக் காட்டியது. அது கோயில் வாயிலா, வெறும் பாறையா என்று நாங்கள் ஐந்தாறு நிமிடம் வாதாடினோம். ஐயா எதையும் உறுதி செய்ய மறுத்துவிட்டார். பணம் வாங்கிய வழிகாட்டி ஒருவர் வாடிக்கையாளரை மகிழ்விக்க “ஆமாம்” என்று சொல்லாமல் விட்டது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

பாதுகாப்பு பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். இரண்டு சுனைகளின் ஓரமும் வழுக்கும். பாசி படிந்த சரிவில் ஒரு கால் தவறினால் கைப்பிடிக்க ஒன்றுமில்லை. ஆழம் வெளியே தெரியாது. இந்த நடையில் ஒரு கயிறோ, மிதவையோ, முதலுதவிப் பெட்டியோ இல்லை. கேட்டதற்கு வேனில் இருப்பதாகச் சொன்னார்கள், வேன் அடிவாரத்தில் நின்றது. குழுவில் ஒருவர் கால் நனைக்கப் போனதை ஐயா கொஞ்சம் குரல் உயர்த்தித் தடுத்தார். குளிப்பதற்கும் நீந்துவதற்கும் உரிய இடமல்ல இது. நீருக்கடியில் இலிங்கம் இருப்பதை விட்டுவிட்டாலும், உயிரை நினைத்தாவது இறங்கக் கூடாது. பாறை உச்சிகளின் விளிம்பில் மலைத்தேனீக் கூடுகள் இருக்கக்கூடும். நறுமணத் தைலம் பூசிக்கொண்டு வராதீர்கள், புகை பிடிக்காதீர்கள் என்பதை முன்கூட்டியே எழுதி அனுப்ப வேண்டும். அனுப்பவில்லை.

முழங்கால் வலி உள்ளவர்களுக்கு நார்த்தாமலைப் பகுதி முடியும், ஏழடிப்பட்டம் முடியாது. எட்டு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளைச் சுனைக்கு அழைத்துப் போகாதீர்கள். கோயில் என்றால் தீபாராதனையும் பிரசாதமும் இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்களுக்கு இது உகந்ததல்ல. அவர்கள் பங்குனியில் நார்த்தாமலை முத்துமாரியம்மன் திருவிழாவுக்குப் போகலாம், ஊரே திரண்டிருக்கும். வரலாற்றை ஆழமாக அறிய விரும்புகிறவர்கள் அடுத்த நாள் திருக்கோகர்ணத்தில் 1910ஆம் ஆண்டு தொடங்கிய புதுக்கோட்டை அரசு அருங்காட்சியகத்துக்கும் அரை நாள் ஒதுக்குவது நல்லது; இந்த நடையில் அதைச் சேர்க்காததில் எனக்குக் குறையில்லை, சேர்த்திருந்தால் அங்கும் ஒலிப்பான்தான் கேட்டிருக்கும்.

ஐந்துக்கு எத்தனை என்று கேட்பீர்களானால், ஐயாவுக்கு ஐந்து, ஏற்பாட்டுக்கு இரண்டரை, விளம்பரத்துக்கு ஒன்று. ஐயா வராத ஞாயிற்றுக்கிழமைகளும் உண்டாம். பதிவு செய்வதற்கு முன் அன்று யார் அழைத்துப் போகிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். இளைஞர் மட்டும் வருகிறார் என்றால் அந்த 900 ரூபாயைச் சேமித்துக்கொண்டு, நீங்களே அதிகாலையில் போய்ச் சுனைக்கரையில் அரை மணி நேரம் உட்காரலாம்.

இறங்கும் வழியில், காலையில் துண்டை விரித்துப் படுத்திருந்த ஆடு மேய்ப்பவரை மறுபடி பார்த்தோம் என்று சொல்ல ஆசைதான், அவர் போய்விட்டிருந்தார். ஆனால் காலையில் சுனைக்கரையில் அவரிடம் நான் கேட்டிருந்தேன், நீர் எப்போது நன்றாக இறங்கும் என்று. “சித்திரை பாதியில வாங்கம்மா, மழை ஏச்சுப்புட்டா வாசப்படி தலை காட்டும்” என்றார். மழை ஏமாற்ற வேண்டும் என்று வேண்டிக்கொள்ள மனம் வரவில்லை. இருந்தாலும் சித்திரை மூன்றாம் ஞாயிறுக்கு ஓர் இடம் பதிவு செய்திருக்கிறேன்; நான்கு லிட்டர் நீர் நானே எடுத்துப் போகிறேன்.